கேஸ் பங்க்கில் இறங்கிய பயணி

புதிதாக ஆப்பில் வண்டி இணைத்திருக்கும் தம்பிகளுக்கும், இப்போது ஒருவர் இருவராக வரத் தொடங்கியிருக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். ரேட்டிங் இறங்காமல் ஓட்டுவது எப்படி? ஏர்போர்ட் சவாரி எங்கே நின்றால் விழும்? கஸ்டமர் கேன்சல் செய்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கடையில் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறேன்? சர்க்கரை கண்ணைப் பிடித்துக்கொண்டது. எதிரே வரும் வண்டியின் விளக்குகள் இரட்டையாகத் தெரிய ஆரம்பித்ததும் சாவியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஓட்டத் தெரியாமல் போகவில்லை, ஓட்டக் கூடாது என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்தது ஒரு சவாரியைப் பற்றி. அதைத்தான் சொல்லப் போகிறேன். அந்தச் சவாரிக்கு எனக்கு ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. புகார் வந்ததென்று ஐடியையும் சில வாரங்கள் முடக்கிப் போட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எனக்கு யாராவது மாலை போட்டார்களா என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

ஆப் வருவதற்கு முன் நான் டூரிஸ்ட் வேன் ஓட்டினேன். கோயில் பார்க்க வருபவர்கள், முகூர்த்தப் பட்டு எடுக்க வருபவர்கள் என்று வேன் நிறைய ஆட்கள். யார் பேரம் பேசி வண்டி பிடித்தாரோ அவரே ஏறி உட்காருவார். நிறுத்து என்றால் நிறுத்துவோம், திருப்பு என்றால் திருப்புவோம். ஆப் வந்தபின் ஒரு புது விஷயம் நுழைந்தது. வண்டி பிடிப்பவர் ஒருவர், ஏறுபவர் வேறொருவர். மகன் பெங்களூரில் இருந்துகொண்டு இங்கே அப்பாவுக்கு வண்டி போடுகிறான். கணவன் ஆபீசில் இருந்துகொண்டு மனைவிக்குப் போடுகிறான். ஏறியவர் பின் இருக்கையில் இருக்கிறார். போட்டவர் எங்கோ உட்கார்ந்து நம் வண்டி ஒரு புள்ளியாக நகர்வதைத் தன் ஃபோனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் இதில் அன்பு தவிர வேறொன்றும் இருக்காது. அப்பா மாத்திரை போட்டாரா என்று கேட்டுச் சொல்லச் சொன்ன மகள்களும் உண்டு. கேட்டுச் சொல்லியிருக்கிறேன்.

அன்று மதியம் ஸ்ரீபெரும்புதூரில் ஒருவரை இறக்கிவிட்டு, காலியாக ஊர் திரும்பக் கூடாதே என்று ஓரமாக நின்றிருந்தேன். ஒரு சவாரி விழுந்தது. பெண்கள் விடுதியிலிருந்து தென்னேரிக்கு. காஞ்சிபுரம் வரை இல்லைதான். ஆனாலும் அங்கிருந்து வாலாஜாபாத் வழியாக வீட்டுக்குப் போய்விடலாம். எடுத்துக்கொண்டேன். உடனே வண்டி போட்டவரிடமிருந்து ஃபோன் வந்தது. இளைஞன், மரியாதையான குரல்.

"அண்ணா, ஏறப்போறது என் தங்கச்சி. ஓடிபிய நானே சொல்லிடறேன், அவகிட்ட கேக்க வேணாம்."

"சரிபா, சொல்லு."

"இன்னொண்ணுண்ணா. அவளுக்கு மனசு சரியில்ல. டாக்டர்கிட்ட காட்டிக்கினு இருக்கோம். ஓடற வண்டியில கதவத் தொறந்தாலும் தொறந்துடுவா. பின்னாடி சைல்டு லாக் போட்டுக்குங்க. வழியில எங்கியும் நிறுத்தாதீங்க. பேச்சும் குடுக்காதீங்க."

சரி என்றேன். ஆனால் பின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி செய்யும் அந்த லாக்கைப் போடவில்லை. அவன்மேல் சந்தேகப்பட்டு அல்ல. வேன் ஓட்டிய காலத்தில், கவிழ்ந்து புகையத் தொடங்கிய ஒரு காரின் கதவை வெளியிலிருந்து இழுத்தவர்களில் நானும் ஒருவன். உள்ளிருந்து திறக்க முடியாமல் தவித்தவர்களின் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அன்றிலிருந்து சிறு குழந்தை தவிர வேறு யாருக்கும் நான் அந்த லாக்கைத் தொட்டதில்லை. மனசு சரியில்லாத பெண் என்றால் மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம், கண்ணாடியில் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

விடுதி வாசலில் அந்தப் பெண் ஓடிவந்து ஏறினாள். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை, அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. கையில் பை இல்லை, ஃபோன் மட்டும். ஏறியதும், "சீக்கிரம் போங்கண்ணா" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அண்ணன் சொன்னது சரிதான் போலிருக்கிறது, பாவம் என்றுதான் எனக்குத் தோன்றியது. நெடுஞ்சாலையில் இடது ஓரமாகவே போனேன்.

நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஃபோன் முன்னால் மாட்டியிருக்கும், மணி அடிக்கும், பச்சையைத் தொடுவோம், ஸ்பீக்கரில் பேசுவோம். பின்னால் யார் இருக்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்று யோசிப்பதே இல்லை. வீட்டுச் சண்டையைக்கூடப் பயணி காதில் விழும்படி போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுங்குவார்சத்திரம் நெருங்கும்போது மணி அடித்தது. நானும் பச்சையைத் தொட்டேன்.

"இன்னாண்ணா, ஏறிட்டாளா? அழுவுறாளா? சைல்டு லாக் போட்டீங்க இல்ல?"

"வந்துக்கினு இருக்கோம்பா" என்று சொல்லிச் சட்டென்று துண்டித்தேன். பின்னால் அழுகை நின்றுவிட்டது.

"எதுக்குண்ணா சைல்டு லாக்?"

உள்ளதைச் சொன்னேன். "உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாருமா."

"எனக்கா?" முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "எங்கம்மா மயங்கி விழுந்துட்டாங்க, பொழைக்கறது கஷ்டம்னு சொல்லித்தானே என்ன வரச் சொன்னான்? அம்மாவப் பத்தி உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்லமா. ஒரு வார்த்தைகூட சொல்லல."

முன்னால் லாரிகள் தேங்கி நின்றன, வண்டி நின்றது. அவள் கதவுப் பிடியை லேசாக இழுத்தாள். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. உடனே சாத்திவிட்டாள்.

"நீங்க போடல" என்றாள்.

"போடலமா."

அப்புறம்தான் அவள் பேசினாள். குழப்பமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். இவள் விரும்புவது ஒரு காஞ்சிபுரத்துப் பையனை, இவள் கம்பெனியிலேயே வேலை, நெசவாளர் குடும்பம். இவர்கள் விவசாயக் குடும்பம், சித்தப்பா கட்சியில் பொறுப்பில் இருக்கிறார். "அவங்க வேற, நாம வேற" என்று வீட்டில் மாதக்கணக்காகச் சண்டை. ஒருமுறை அண்ணன் விடுதிக்கே வந்து கலாட்டா செய்தபின், இனி அவன் வந்து கூப்பிட்டால் அனுப்ப வேண்டாம் என்று இவள் வார்டனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவன் நேரில் வந்தால் இவள் ஏறமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் நான் வந்தேன். ஊர் பேர் தெரியாத வாடகை வண்டி என்றால் யாருக்கும் பயம் வராது. நம்மைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள் என்பதற்காகவே நம்மை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், தம்பிகளே.

சுங்குவார்சத்திரம் கூட்டுரோடு கண்ணுக்குத் தெரிந்தது. இடதுபக்கம் திரும்பினால் தென்னேரி. நேராகப் போனால் காஞ்சிபுரம்.

"அண்ணா, லெஃப்ட் எடுக்காதீங்க."

எடுக்காமல் இருப்பது சுலபம். அவன் ஃபோனில் நகரும் புள்ளி? நேராகப் போனால் அடுத்த நிமிடம் அவனுக்குத் தெரியும். பைக்கில் குறுக்கு வழியாக வந்து மறிக்க அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு வழியா தெரியாது? சவாரியை அங்கேயே முடித்தாலும் எங்கே முடிந்ததென்று காட்டிக் கொடுத்துவிடும். சும்மா ஓரமாக நின்றால் ஏன் நிற்கிறாய் என்று கேள்வி வரும். எந்தக் கேள்வியும் வராமல் ஒரு வாடகை வண்டி நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், கேஸ் பங்க். அங்கே வரிசையில் நிற்பது ஊரறிந்த விஷயம். அதோடு, கேஸ் ஏற்றும்போது வண்டியில் ஒருவரும் உட்காரக் கூடாது, எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் குழாயை மாட்டுவார்கள். கைக்குழந்தைக்காரி என்றாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். கூட்டுரோட்டுக்கு முன்னாலேயே ஒரு பங்க் இருந்தது. உள்ளே விட்டேன். டேங்க்கில் பாதிக்குமேல் கேஸ் இருந்தது, அது வேறு விஷயம்.

வரிசையில் நின்றபடி, நம் ஓட்டுநர்களில் ஒரு பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் வேன் அக்கா. என்னைவிட வயதில் சிறியவர்தான். மதியத்தில் அந்தப் பக்கம் கம்பெனி சவாரிக்காக நிற்பார் என்று தெரியும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் பத்துப் பேர் வந்திருப்பார்கள். அதை நான் செய்யவில்லை. அந்தக் குழுவில் யார் யாருக்கு மச்சான், யாருக்கு எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியாது. ஆபத்தில் பத்துப் பேரைக் கூப்பிடுவதைவிட நம்பகமான ஒருவரைக் கூப்பிடுவது மேல். அவர் கேட்டது ஒன்றுதான்: "பங்க்குல எந்தப் பக்கம்?"

அதற்குள் மறுபடியும் மணி. இந்தமுறை காதில் வைத்துப் பேசினேன்.

"ஏண்ணா வண்டி நின்னுக்கினு இருக்குது?"

"கேஸ் போடறேன்பா. கியூல நிக்கறேன்."

"அவ எங்க?"

"எல்லாரையும் எறக்கித்தான் போடுவாங்க, தெரியாதா? பக்கத்துலதான் நிக்குது."

"அவகிட்ட குடுங்க."

கொடுத்தேன். நிதானமான குரலில் பேசினாள்.

"வந்துக்கினுதான் இருக்கேன். அம்மாகிட்ட ஃபோனக் குடு." கேட்டுக்கொண்டிருந்தாள். "தூங்கினா பரவால்ல, காதுல வெய்யி." மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி. வரேன்."

ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரோரம் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போனேன்.

"குடுக்க மாட்டேங்கறான். டாக்டர் எழுப்பக்கூடாதுன்னாராம்." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் சுற்றினாள். "பொய்யாத்தான் இருக்கும். ஆனா நிஜமாவே படுத்துக்கினு இருந்தா? நான் இங்கருந்து திரும்பிப் போயி, அங்க அம்மா என்னைத் தேடிக்கினே போய்ட்டா? நீங்களா இருந்தா என்னண்ணா பண்ணுவீங்க?"

போகாதே என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். அவள் சொல்வது முழு உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அண்ணன் சொன்னதிலும் ஏதாவது உண்மை இருக்கலாம். அம்மா உண்மையிலேயே சாகக் கிடக்கலாம். ஒரே சவாரிக்கு இரண்டு பேரிடம் இரண்டு காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். எனக்கு எல்லாம் முதலிலேயே புரிந்துவிட்டது என்று பிற்பாடு சிலரிடம் பீற்றிக்கொண்டதுண்டு. உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் பாதிதான் தெரியும்.

"அது நான் சொல்ற விஷயம் இல்லமா" என்றேன். "வண்டியில ஒக்காந்தது நீ. எந்தப் பக்கம்னு நீ சொல்லு, அந்தப் பக்கம் போவும். தென்னேரின்னா தென்னேரி, நானும் கூடவே எறங்கி உள்ள வரேன். காஞ்சிபுரம்னா காஞ்சிபுரம்."

வேன் அக்காவின் வண்டி வந்து காற்றடிக்கும் இடத்தில் நின்றது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆட்டோதான் மிச்சம்.

"காஞ்சிபுரம்" என்றாள். சொன்னதும் அழுதுவிட்டாள். "ஆனா எங்கம்மா..."

"அத நான் போய் பாத்துட்டு வந்து சொல்றேன்."

யோசிக்காமல் சொன்ன வார்த்தை. காரணமெல்லாம் பின்னால்தான் வந்தது. புள்ளி தென்னேரிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தால் அவர்கள் எல்லோரும் அங்கேயே காத்திருப்பார்கள், காஞ்சிபுரம் சாலை பக்கம் யாரும் வரமாட்டார்கள். அவள் காஞ்சிபுரம் மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய்ச் சேர அது போதும். நல்ல காரணம்தான். ஆனால் அதற்காக மட்டும் நான் போகவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவள் வாழ்நாள் முழுக்க இருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது.

வேன் அக்கா அதிகம் பேசுபவர் அல்ல. முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "பின்னாடி ஒக்காராத, முன்னாடி வா. உன் ஃபோன ஆஃப் பண்ணு, காஞ்சிபுரத்துல இருக்கற அந்தப் பையன் நம்பர எனக்கு சொல்லு. மகளிர் ஸ்டேஷன் வாசல்ல எறக்கிட்டுப் போற ஆளு இல்ல நானு, உள்ள வந்து ஒக்காந்துக்குவேன்" என்றார். அந்தப் பெண் ஏறிப் போனாள். போகும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் இருப்பிடத்தை வேன் அக்காவின் ஃபோனுக்கு அனுப்பிவிட்டுக் கேஸ் போட்டுக்கொண்டு, காலி வண்டியை இடதுபக்கம் திருப்பினேன்.

நான் வீரன் இல்லை. பயந்துகொண்டேதான் ஓட்டினேன். திரையில் புள்ளி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வண்டிக்குள் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அது யாருக்கும் சொல்லாது. வழியெல்லாம் என்னென்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன். பாத்ரூம் போகிறேன் என்று இறங்கியவள் திரும்பவில்லை என்று சொல்லலாம். பின்னால் யாரோ வந்து கூட்டிப் போனார்கள் என்று சொல்லலாம். எந்தப் பொய்யைச் சொன்னாலும் அடுத்த கேள்விக்கு இன்னொன்று வேண்டும், என் மூளை அந்த வேகத்துக்கு ஓடாது. உண்மையையே சொல்லிவிடுவது, எங்கே போனாள் என்பதை மட்டும் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்தேன். ஏரிக்கரை வந்தது. அந்த வருடம் தண்ணீர் கரை தொட்டு நின்றது. வேறு நாளாக இருந்தால் நிறுத்தி ஒரு நிமிடம் காற்று வாங்கியிருப்பேன்.

வீடு ஒரு சந்தில், அந்தப் பக்கம் வழியில்லாத சந்து. சந்து முனையிலேயே வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் உள்ளே போனேன். இதை மட்டும் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான இடத்துக்குள் முகம் காட்டிக்கொண்டு நுழையாதீர்கள். வெளியே போகும் திசையைப் பார்த்து வண்டி நிற்க வேண்டும். என்ஜின் ஓட வேண்டும். நீங்கள் இறங்கக் கூடாது.

மாடி வீடு. வாசலில் கட்சிக்கொடி கட்டிய ஒரு கார், பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் ஆண்கள். நோயாளி இருக்கும் வீட்டை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உள்ளேயும் வெளியேயுமாகப் பெண்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரி வெந்நீரோடு வருவாள், வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். இங்கே ஒரு பெண்ணைக்கூடக் காணோம்.

இளைஞன் ஒருவன் எழுந்து வந்து பின் கதவைத் திறந்தான். அண்ணன். காலி இருக்கையை ஒரு கணம் புரியாமல் பார்த்தான்.

"எங்க அவ?"

"வரலன்னு சொல்லி எறங்கிட்டாங்கபா. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்குதுன்னு மட்டும் பாத்துட்டு வரச் சொன்னாங்க. அதான் வந்தேன்."

"எங்க எறங்கினா?"

"அத சொல்ல மாட்டேன்."

அவன் கை என் சட்டைக் காலரில் விழுந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நிதானமாக நடந்து வந்து அவன் கையை எடுத்துவிட்டார். சித்தப்பா. "டிரைவரு, வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டு பொறுமையா பேசலாம்" என்றார். அண்ணனின் கையைவிட அந்தக் குரல்தான் எனக்கு அதிகப் பயம் தந்தது.

"இருக்கட்டும் சார். ட்ரிப் இன்னும் ஓடிக்கினு இருக்குது. வண்டி எங்க நிக்குதுன்னு எங்க ஆளுங்களுக்கும் தெரியும்."

"ட்ரிப்ப முடிங்க."

"அம்மாவப் பாத்துட்டு முடிக்கறேன் சார்."

நாம் போய்ச் சேரும் முன்பே சவாரியை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவர்கள். அன்று என் விரல் அந்தப் பக்கமே போகவில்லை. சவாரி ஓடும்வரை நான் எங்கோ பதிவாகியிருக்கிறேன், முடித்துவிட்டால் நான் வெறும் ஆள். அது எந்த அளவுக்குக் காப்பாற்றியிருக்கும் என்று தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அண்ணன் ஜன்னல் வழியாகச் சாவிக்குக் கை நீட்டினான். அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வெடித்தது. நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தலைவிரி கோலமாக ஓடிவந்து, அவனைத் தள்ளிவிட்டு, என் வண்டி மேல் விழுந்தாள். இரண்டு கையாலும் கூரையை அறைந்தாள்.

"எம்பொண்ண எங்கடா வுட்ட? பாவி, எம்பொண்ண எங்கடா வுட்ட?"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. மாடிகளில் தலைகள் தெரிந்தன. இவ்வளவு நேரம் எட்டிப் பார்க்காத தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. அத்தனை கண்களுக்கு முன்னால் ஆண்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அவள் அறைந்துகொண்டே, கத்திக்கொண்டே, தலையை ஜன்னலுக்குள் விட்டாள். முகம் என் முகத்துக்குப் பக்கத்தில். உடம்புக்கு ஒன்றுமில்லை, பார்த்தாலே தெரிந்தது. கை மட்டும் கூரையை விடாமல் அறைந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து வந்தது எனக்கு மட்டும் கேட்கும் கிசுகிசுப்பு.

"எங்க இருக்கான்னு சொல்லாதபா. எனக்குத் தெரிஞ்சா எங்கிட்டருந்து வாங்கிடுவாங்க."

நான் தலையசைத்தேன்.

"தனியாவா இருக்கா?"

"இல்லமா. கூட ஆளு இருக்குது. பத்திரமா இருக்காங்க."

அந்தக் கண்களை நான் விவரிக்கப் போவதில்லை. தலையை வெளியே எடுத்தாள். மறுபடி அந்தக் குரல் வெடித்தது.

"எறக்கி வுட்டுட்டு இங்க வந்து கதையா சொல்ற? போடா. போய் எம்பொண்ணக் கூட்டினு வாடா. அவ இல்லாம இந்தத் தெருவுல கால வெச்ச, பாரு. போடா."

முன்பக்கம் ஓடிவந்து பானட்டை அறைந்து, சந்து முனையைக் கை நீட்டிக் காட்டினாள். வழியில் நின்றவர்களை விலக்கினாள். பெற்ற தாயே போ என்று விரட்டும்போது என்னை யார் நிறுத்துவது? சித்தப்பா மட்டும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளட்சை விட்டேன்.

வாலாஜாபாத் தாண்டி, பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதியானபின் ஓரமாக நிறுத்திச் சவாரியை முடித்தேன். சவாரி எப்படி இருந்தது என்று திரை கேட்டது. பதில் கொடுக்காமல் அதை மூடினேன்.

அந்தப் பெண் அன்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததும், அவர்கள் திருமணம் பதிவானதும் ஊரறிய நடந்தவை, அவற்றைச் சொல்ல வேண்டியவள் அவள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வண்டியைப் போட்டவன் குரல் எத்தனை மரியாதையாக இருந்தாலும், நம் பயணி பின்னால் உட்கார்ந்திருப்பவர். அவருடைய முடிவை நாம் எடுக்கக் கூடாது, அவர் முடிவெடுக்க ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திக் கொடுக்கலாம். அதற்குமேல் தைரியம் இருந்தால் உங்கள் இஷ்டம். இல்லையென்றாலும் தப்பில்லை.

அந்தச் சாலையோரத்திலேயே வேன் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லி அவளிடம் கொடுத்தார்.

"அம்மா நல்லா இருக்காங்கமா. ஒரு கொறையும் இல்ல. என் கண்ணால பாத்தேன்."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு கேட்டது.

"பேசினாங்களா?"

"பேசினாங்க. நீ எங்க இருக்கன்னு சொல்லவே கூடாதுன்னுட்டாங்க. கத்தின கத்துல தெருவே கூடிப்போச்சு. வண்டிமேல அடிச்சி, என்னைத் திட்டி, அவங்களே வழி பண்ணி வெளிய அனுப்பிட்டாங்க. அவ்ளோ சத்தம். இல்லன்னா நான் வந்திருக்க மாட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், இருந்தது.

"வேற யாராவது இருந்திருப்பாங்கண்ணா" என்றாள் கடைசியில். "எங்கம்மா கத்தி நான் கேட்டதே இல்ல. அந்த வீட்ல அவங்க சத்தமா பேசினதே இல்ல."

"கழுத்துல ஒரு பக்கமா கருப்பு மச்சம் இருந்ததுமா" என்றேன்.

அதன்பிறகு அவள் அழுததை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். துண்டிக்க மனம் வரவில்லை.